படத்தில் ஒருத்தி, நேரில் ஒருத்தி

ராயபுரத்தில் ஃப்ளோராவிடம் முகத்தைக் கொடுத்த மணப்பெண் எவளும் சொந்த முகத்தோடு கோயிலுக்குப் போனதில்லை. இதைக் குறையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவளே வாய் நிறையச் சொல்லிக்கொள்கிற பெருமை அது. கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் கீழே பார்லர், மேலே வீடு. வாசலில் ‘ஃப்ளோரா பிரைடல்’ என்று தங்க எழுத்துப் பலகை. ஒரு சர்ச் கல்யாணத்தில் ராயப்பர் கோயில் வாசலில் வந்து இறங்கிய பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை, “பொண்ணு இன்னும் வர்லியா?” என்று அந்தப் பெண்ணிடமே கேட்டானாம். அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதே ஃப்ளோராதான் என்று தெருவில் சொல்வார்கள். அவள் மறுத்ததில்லை.

பார்லரில் வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே ஒரு சட்டம் சொல்லிவிடுவாள். அக்கா, ஆன்ட்டி எல்லாம் கூடாது, மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி எவளாவது அக்கா என்றுவிட்டால் தொலைந்தாள். “நான் இன்னா உன்கூடப் பொறந்தவளா? வேலைக்கி வந்துகீற, வேலக்காரியா இரு” என்று கஸ்டமர் எதிரிலேயே கிழித்துவிடுவாள். அரக்கு நிற ஏப்ரனை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஃப்ளோராவுக்கு நாக்கில் எலும்பு இல்லை, நெஞ்சிலும் ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவள் நிறம் என்ன? அச்சு அசல் கறுப்பு. எர்ணாவூரிலிருந்து கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தவள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது அவளுடைய மாமியார் அத்தனை பேர் எதிரில் வந்து, ஆள்காட்டி விரலால் மருமகளின் கன்னத்தை அழுத்தித் தேய்த்து, விரலைத் தூக்கிப் பார்த்தாள். “ஹார்பர் கரின்னு பாத்தேன். போவாத போல கீதே” என்றாள். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை ஸ்டானிஸ்லாஸும் சிரித்தான். அன்றைக்கே ஃப்ளோரா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். விரலால் தேய்த்தவளைத் திருப்பி அடிக்க வேண்டும் என்பதல்ல அந்த முடிவு. இனி எவள் விரல் வைத்துத் தேய்த்தாலும் வெள்ளைதான் ஒட்ட வேண்டும் என்பது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பார்லரில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றாள். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய ஸ்டானிஸ்லாஸ் ஒருநாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது, பெட்டியில் கிடத்திய அவன் முகத்துக்கும் ஒரு கோட் மேக்கப் போட்டுத்தான் அனுப்பினாள். “போற எடத்துலயாவது பளிச்சினு போவட்டும்” என்றாளாம். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் பூச்சில் ஒரு திட்டு விழவில்லை.

அவள் முகம் எழுதக் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பார்லரில், மீதி டிவியில். வெளிநாட்டுக்காரன் வரைந்த பொம்மைப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு டிவியில் வருமே, அவற்றைத் தெருக் குழந்தைகளைவிட அவள்தான் அதிகம் பார்த்தாள். கண்ணை எவ்வளவு நீட்டலாம், மூக்கை எங்கே நிழல் போட்டு மறைக்கலாம், உதட்டை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அதிலிருந்து எடுத்தது. அதிலும் ‘கலங்கரை இளவரசி’ அவளுக்கு வேதம் மாதிரி. கடலுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் லியானா என்று ஒரு இளவரசி, துணைக்குப் பேசும் கூழைக்கடாப் பறவை ஒன்று. உரித்த முட்டை மாதிரி நிறம் லியானாவுக்கு. தலைமுடி தேன். ஃப்ளோராவிடம் வந்த எல்லாப் பெண்களும், கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தாலும் காசிமேட்டிலிருந்து வந்தாலும், கடைசியில் லியானாவாகத்தான் வெளியே போனார்கள்.

ஆகவே அந்தப் பொம்மைப் படங்களையெல்லாம் ஆட்களை நடிக்கவைத்து, லைவ் ஆக்ஷன் என்று மறுபடியும் எடுக்கத் தொடங்கியபோது, அதைச் சொந்த வீட்டில் புகுந்த திருட்டாகவே ஃப்ளோரா எடுத்துக்கொண்டாள். ஒன்று விடாமல் போய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்று விடாமல் திட்டுவாள். பார்லரில் நாற்காலியில் சாய்ந்து முகத்தில் களிம்போடு அசைய முடியாமல் கிடக்கும் கஸ்டமர்தான் அவளுக்குச் சபை.

“வரஞ்சவன் ஒரு மூஞ்சிய முடிவு பண்ணி வச்சிட்டான். அத்த மாத்த நீ யாரு? பொம்மதான் ஒரிஜினலு. இவனுங்க இட்டாந்து நிக்க வைக்கிறானுங்களே, அவளுங்கோ டூப்ளிகேட்டு. மிருகம் பேசுற படத்துல நெஜ சிங்கத்த கூட்டாந்து விட்டுகீறான். வாய் மட்டும் அசையிது. மூஞ்சி எழவு வூட்டுக்கு வந்தாப்ல கீது. சிரிக்குதா அழுவுதான்னு நானே கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா?”

களிம்புக்குள்ளிருந்து யாரும் மறுத்துப் பேச முடியாது. அதனால் இந்த விஷயத்தில் ஃப்ளோராவைத் தோற்கடித்தவர் யாருமில்லை.

அவளுடைய ஒரே மகள் ஜானட், நிறத்தில் அம்மாவையே கொண்டு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கியதும் ஃப்ளோரா முதலில் பார்த்தது காது மடலை. காது மடலின் நிறம்தான் பிற்பாடு தங்கும் நிறம் என்பது அவள் தொழில் கணக்கு. பார்த்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் கிடத்தி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜானட்டுக்கு எட்டு வயதிருக்கும்போது தெருவில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி வைத்தார்கள். பிள்ளைகளெல்லாம் சேர்ந்து கலங்கரை இளவரசிப் பாட்டுக்கு ஆடுவதாக ஏற்பாடு. மேக்கப் ஃப்ளோரா. யாருக்கு என்ன வேஷம் என்பதும் ஃப்ளோராதான். லியானாவாக ஆட வேண்டுமென்று ஜானட் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஃப்ளோரா அந்த வேஷத்தை எதிர்வீட்டு ஆன்சிக்குக் கொடுத்தாள். ஜானட்டுக்குக் கறுப்புத் துணியைப் போர்த்திப் பின்னால் நிற்கவைத்து, “நீ ராத்திரி” என்றாள். “உனுக்கு மேக்கப்பே வோணாம், அப்டியே நில்லு” என்றும் சேர்த்துக்கொண்டாள். மற்ற அம்மாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜானட் பாட்டு முடியும்வரை ராத்திரியாக அசையாமல் நின்றாள். நன்றாக நின்றாள் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலைக்கும் போகத் தொடங்கியது. அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். பேசாததால் அவளுக்கு ஒன்றும் உறைப்பதில்லை என்று ஃப்ளோரா முடிவு கட்டியிருந்தாள்.

கல்யாண வயது வந்ததும் ஃப்ளோரா தன் மொத்த வித்தையையும் மகள் முகத்தில் இறக்கினாள். காலையில் உட்காரவைத்தவள் மத்தியானம்தான் எழுப்பினாள். அதன்பின் எடுத்த போட்டோவில் இருந்தது லியானாவேதான், பட்டுப்புடவை கட்டிய லியானா. அதைப் பெரிதாக அடித்து, ஃப்ளோரா பார்லர் சுவரில் மாட்டினாள். அதையேதான் வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினாள். பரங்கிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பென்னி, சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். அம்மா ரேச்சல், ரிட்டயர்டு டீச்சர். அப்பா இல்லை. ஒருமுறை வீடியோ காலில் பேசினார்கள். ஃப்ளோரா மகளை வளைய விளக்கின் முன் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து, வெளிச்சம் கொஞ்சம் தப்பியதும், “நெட்வொர்க் சரியில்லீங்க” என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாள். பென்னி கப்பலிலிருந்து இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

இந்தச் சம்பந்தம் ஃப்ளோராவுக்கு உயிர். மருமகன் ஆபீசர் என்பதற்காக மட்டுமல்ல. ராயப்பர் கோயிலில், தெருவே திரண்டு நிற்க, தன் கையால் எழுதிய முகத்தோடு தன் மகள் நடுவழியில் நடந்து போக வேண்டும். அன்றைக்குப் பந்தியில் சிரித்தவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பவர்கள் வாய் பிளக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின வாரம் ‘கலங்கரை இளவரசி’ ஆட்களை வைத்து எடுத்த படமாக வந்தது. லியானாவாக நடித்தவள் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று பூசி மெழுகுகிற கறுப்பு அல்ல, ஜானட்டின் கறுப்பு. போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து ஃப்ளோரா கொதித்துக்கொண்டிருந்தாள். ஜானட்தான் டிக்கெட் எடுத்தாள். படத்துக்குப் போன அன்று அவள் பிறந்தநாள்.

“அம்மா, எங்கூட வா. சும்மா பாரு, போதும்” என்றாள். அவள் வாயைத் திறந்து எதையாவது கேட்டதே அபூர்வம். அதை ஃப்ளோரா கவனிக்கவில்லை. தண்டையார்பேட்டை தியேட்டரில் காலைக் காட்சி. ஜானட் முகம் கழுவிப் பொட்டு வைத்து, பழைய சுடிதாரோடு வந்தாள்.

இருட்டில் அந்தக் கறுத்த இளவரசி கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஓடி உச்சிக்கு வந்து, காற்றில் முடி பறக்கத் திரும்பிப் பார்த்தபோது, ஜானட் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃப்ளோரா கையை உருவி பாப்கார்ன் எடுத்தாள்.

படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் மைக்கும் கேமராவுமாக யூடியூப்காரன் ஒருவன் நிற்கிறான். படம் எப்படி, படம் எப்படி என்று போவோர் வருவோரையெல்லாம் மடக்கிக்கொண்டிருந்தான். முந்திப் போனவர்கள் சூப்பர், மொக்கை என்று ஒரு வார்த்தையில் நழுவிவிட்டார்கள். ஃப்ளோரா போய் மைக்குக்கு நேரே நின்றாள். ஜானட் அவள் தோளுக்குப் பக்கத்தில், நகரவும் இடமில்லாமல்.

“படமாய்யா இது? டுபாக்கூரு! பொம்மப் படத்துல அந்த கூழக்கடா சிரிச்சா தொண்டப் பையி குலுங்கும். இதுல எண்ணூர் கழிமுகத்துல எண்ண மெதந்தப்போ ஒரு பறவ நின்னுச்சே, அது மாதிரி தேமேன்னு நிக்கிது. சரி, போவட்டும், பறவ. அந்தப் பொண்ணு? லியானா எப்டி இருப்பா! தொட்டா செவந்து பூடுவா. இங்க இன்னாடான்னா கரிச்சட்டிய கவுத்தாப்ல ஒருத்திய இட்டாந்துகீறானுங்கோ. வெளக்க ஏத்துறதுக்கு முன்னாடி அவ எங்க நிக்கிறான்னே தெர்ல! படத்துல ஒருத்திய காட்டிட்டு நேர்ல வேற ஒருத்திய நிக்க வச்சா, அதுக்குப் பேரு இன்னா? ஏமாத்துறதா இல்லியா? நீயே சொல்லு, ஏமாத்துறதா இல்லியா?”

சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்தது. மைக் பிடித்தவனுக்கு வேட்டை. கேமராவை லேசாகத் திருப்பி, அவளுடைய தோளுக்குப் பக்கத்து முகத்தை முழுசாக நிரப்பினான். “நீங்க சொல்லுங்க சிஸ்டர், ஹீரோயின் எப்படி?” என்றான். ஜானட் கேமராவைப் பார்த்தாள். கிளிப் அங்கே நின்றுவிடும்.

இரண்டே நாளில் அது லட்சக்கணக்கான பேரின் போனுக்குப் போய்விட்டது. ஃப்ளோராவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்லருக்கு வந்தவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டினாள். கீழே வந்து விழுந்த கமெண்டுகளைப் படித்துப் படித்துச் சிரித்தாள். ‘ஆன்ட்டி, பக்கத்துல நிக்கிறது கார்ட்டூனா, லைவ் ஆக்ஷனா?’ என்று ஒருவன். ‘ஆன்ட்டி, அந்தக் கரிச்சட்டிய ஊர்லேருந்து இட்டாந்தியா, கையோட வச்சிருந்தியா?’ என்று இன்னொருவன். அதற்குக் கீழே சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. ஜானட்டின் நின்றுபோன முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பவர் கட், அமாவாசை என்று என்னென்னவோ எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆபீசில் அவள் வந்தால் யாராவது ஒருத்தர் லைட்டைப் போடச் சொன்னார்கள்.

“வுடு, சோக்கா தமாஷ் பண்றானுங்கோ. இதுக்கெல்லாம் மூஞ்சிய தூக்கி வச்சிக்குவியா?” என்றாள் ஃப்ளோரா.

“நான் தூக்கி வச்சிக்கலம்மா” என்றாள் ஜானட். அந்த வாரம் அவள் பேசியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஃப்ளோரா கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டியிருந்தாள். ஜன்னலுக்குப் புதுத் திரை. விடியற்காலையிலேயே ஜானட்டை உட்காரவைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை, கழுத்திலிருந்து விரல் நகம்வரை எழுதி முடித்தாள். ஜானட் சின்ன வயதில் ராத்திரியாக நின்றது போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தள்ளி நின்று பார்த்த ஃப்ளோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, அதில் நடிப்பில்லை. “என் தங்கம்” என்றாள். அந்த வார்த்தையை அவள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ரேச்சலும் பென்னியும் வந்து உட்கார்ந்தார்கள். ரேச்சல் நல்ல கறுப்பு, முகத்தில் பவுடர்கூட இல்லை. கப்பல் வெயிலில் பென்னி அம்மாவையும் மிஞ்சியிருந்தான். இதையெல்லாம் ஃப்ளோரா ஒரே பார்வையில் அளந்துவிட்டாள். ஜானட் உள்ளறையில், திரைக்குப் பின்னால், கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். ரேச்சல் வீடு, வாசல், பூசை நேரம் எல்லாம் விசாரித்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. என் தங்கச்சி இத அனுப்பினா. வீடியோ கால்ல பேசினீங்க இல்ல, உங்கள உடனே அடையாளம் தெரிஞ்சுது.”

மஞ்சள் வெளிச்சத்தில் ஃப்ளோராவின் குரல் ஃப்ளோராவுக்கே கேட்டது. ‘படத்துல ஒருத்திய காட்டிட்டு நேர்ல வேற ஒருத்திய நிக்க வச்சா…’ ரேச்சல் சத்தத்தைக் குறைத்தாள். கிளிப் ஜானட்டின் முகத்தில் வந்து நின்றது.

“இந்தப் பொண்ணு யாருங்க?” என்று கேட்டாள் ரேச்சல். அவள் குரலில் ஒரு துளி விஷமம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அந்த அளவுக்கு எழுதிவைத்திருந்தாள் ஃப்ளோரா.

என் பொண்ணு என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு யோசிக்க அவளுக்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் போன் திரையும், உள்ளே இருக்கும் முகமும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதுதான்.

“அதுவா? அது நம்ப பார்லர்ல வேல செய்யிற பொண்ணு” என்றாள்.

“கண்ணப் பார்த்தா உங்க ஜாடை தெரியுதே” என்றான் பென்னி.

“சேச்சே! எர்ணாவூர்லேர்ந்து வருது தம்பி. பேரு செங்கொடி. எங்க ஜானட்டு எங்க, அது எங்க? எனுக்கு இன்னா ஜாடை?”

“தூரத்துச் சொந்தமோன்னு நெனச்சேன்” என்றாள் ரேச்சல்.

“சத்தியமா இல்லீங்க. அந்த மூஞ்சிக்கும் எனுக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது.”

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கப் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ஃப்ளோரா.

ரேச்சல் போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். “உங்க வீட்டு விஷயத்துல தலையிடறேன்னு நெனக்காதீங்க. ஒரு கறுத்த பொண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க அப்படிப் பேசியிருக்க வேணாம். அது மனசு என்ன பாடுபட்டிருக்கும்? எனக்கு அந்த முகத்தப் பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. இவன்கூடச் சொன்னான், அந்தப் பொண்ணு கண்ணு அழகா இருக்கும்மான்னு.”

பென்னி தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுகூட ஃப்ளோரா வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சொன்ன பொய்யிலிருந்து நடுவில் இறங்க அவளுக்கு வழி தெரியவில்லை. “அதுங்களுக்கெல்லாம் அப்டி ஒண்ணும் ஒறைக்காதுங்க” என்றாள்.

குழாய் நின்றது. திரை விலகியது.

ஜானட் காபித் தட்டோடு வந்தாள். முகம் முழுக்கக் கழுவியிருந்தாள். நெற்றியோரத்து முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காதோரம் மட்டும் வெள்ளை கொஞ்சம் மிச்சம். பட்டுப்புடவையின் மேல் பார்லரின் அரக்கு ஏப்ரனைக் கட்டியிருந்தாள். தட்டை மேஜையில் வைத்து, விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் கப்பை ஃப்ளோராவிடம் நீட்டினாள்.

“மேடம், காபி.”

பென்னி கப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். ரேச்சல் மடியிலிருந்த போனையும் எதிரில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீதானம்மா இதுல இருக்கறது?”

“ஆமாங்க. இங்க பார்லர்ல வேல செய்யிறேன்.”

எல்லாரும் ஃப்ளோராவைப் பார்த்தார்கள். ஜானட்டும் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் ஃப்ளோரா பிழைத்திருப்பாள். அதில் இருந்தது காத்திருப்பு. தியேட்டர் இருட்டில் கையைப் பிடித்தாளே, அதே காத்திருப்பு. அம்மா இப்போதாவது சொல்வாள் என்று அந்தப் பெண் நின்றாள்.

ஏப்ரனுக்குக் கீழே பட்டுக் கரை பளபளப்பதையும், தலையில் தானே வைத்துவிட்ட மல்லிகைச் சரத்தையும் யாரும் கவனிக்கவில்லை என்று ஃப்ளோரா நம்பினாள், அல்லது நம்ப விரும்பினாள்.

“உள்ள ஜானட்டு ரெடியாய்ட்டாளா, பாரு” என்றாள்.

ஜானட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பாத்துட்டுத்தான் வர்றேன் மேடம். உள்ள யாரும் இல்ல.”

ரேச்சல் எழுந்து போய் ஜானட்டின் ஈரத் தலையில் கையை வைத்தாள். வைத்தபடியே ஃப்ளோரா பக்கம் திரும்பினாள். “கறுப்பு எங்களுக்கு ஒரு விஷயமே இல்லீங்க. எங்க வீட்டுல யாரு வெள்ளை? ஆனா பெத்த பொண்ண எதிர்ல நிக்க வச்சுக்கிட்டே இல்லேன்னு சொல்ற வீட்டுல நான் எப்படிச் சம்பந்தம் பண்ணுவேன்? நாளைக்கு என் பையனுக்கு ஒரு கொறை வந்தா, அவனையும் யாருன்னு கேப்பீங்க.” காபியைக் குடிக்காமலே இருவரும் இறங்கிப் போனார்கள். பென்னி படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா கூப்பிட்டதும் போய்விட்டான்.

ஃப்ளோரா அன்று மகளை அடித்தாள். நல்ல வரனைக் கெடுத்த பாவி என்று கத்தினாள், நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள், பிறகு காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். “அம்மாடி, ஒரு வாட்டி அம்மான்னு கூப்புடுடி” என்றாள். ஜானட் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “சாப்புட வாங்க மேடம்” என்றாள். அதில் கிண்டல் இல்லை. வேலைக்காரப் பெண்கள் சொல்வது போலவே, மரியாதையாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் மாறவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஜானட் காலையில் எழுந்து சமைக்கிறாள், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துவைக்கிறாள், ஆபீஸ் போகிறாள், வருகிறாள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுகிறாள். “மேடம், எப்டி கீது?” என்று கேட்கிறாள். சுவரில் இருக்கும் அந்தப் பெரிய போட்டோவை ஃப்ளோரா கழற்றவில்லை. தொழிலுக்கு அது வேண்டியிருக்கிறது.

போன வாரம் எண்ணூரிலிருந்து ஒரு மணப்பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேஸ் என்கிற அடிப்பூச்சைப் போட்டு முடித்து ஃப்ளோரா கண்ணுக்கு மை எடுக்கும்போது, அந்தப் பெண் சுவரைப் பார்த்து வாய் பிளந்தாள்.

“யாரு மேடம் இது? சினிமாவுல நடிக்கிதா?”

“என் பொண்ணு” என்றாள் ஃப்ளோரா.

“அய்ய, இன்னா கலரு! இங்கதான் கீதா?”

அப்போதுதான் மாடியிலிருந்து ஜானட் தோளில் ஆபீஸ் பையோடு இறங்கி வந்தாள். “மேடம், சோறு வடிச்சி வச்சிகீறேன். கொழம்ப சூடு பண்ணிக்கோங்கோ” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். மணப்பெண் கண்ணாடி வழியாக அவள் போவதைப் பார்த்தாள்.

“இது யாரு மேடம்? வேல செய்யிற பொண்ணா?”

ஃப்ளோரா கையிலிருந்த கண்மைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

“அதான் என் பொண்ணு” என்றாள். “அதான்டி. போட்டோவுல கீறது அவதான்.”

மணப்பெண் சுவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

“இன்னா மேடம், காலீலேயே டபாய்க்கிற!”

“சத்தியமா” என்றாள் ஃப்ளோரா.

மணப்பெண்ணின் சிரிப்பு நிற்கவில்லை. ஃப்ளோரா குச்சியை மறுபடி எடுத்து, மையில் தோய்த்து, இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து நிறுத்தினாள்.

“சிரிக்காத” என்றாள். “பேஸ் வெடிச்சிடும்.”